பால் ஜக்கைக் கவிழ்த்துப் பாருங்க!

மிண்ட் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "மூலக்கொத்தளம் எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். வழி சொல்வதற்கு முன்னால் உங்களை ஏற இறங்க ஒரு தடவை பார்ப்பார்கள். தனியாக வந்திருக்கிறீர்களா, இல்லை நாலு பேர் தூக்கி வருகிறார்களா என்று தேடுகிற பார்வை அது! மெட்ராஸ்காரர்களுக்கு மூலக்கொத்தளம் என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது சுடுகாடுதான்.

"இன்னா சார்... அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்று டீக்கடைப் பெரியவர் யாராவது கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஏரியா பாசம்!

இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கைதாகி, 1939-ல் சிறைவாசத்தின்போது உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அடக்கமாகியிருப்பது இங்கேதான். வருஷா வருஷம் ஜனவரி 25-ம் தேதி கட்சிக்காரர்கள் மாலையோடு வருவார்கள். மற்ற நாட்களில் வெளியூர்க்காரர் யாரும் இந்தப் பக்கம் வேலை மெனக்கெட்டு வருவதில்லை.

ஆனால், ஊருக்குப் பெயர் வந்த கதைக்கும் சுடுகாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. மூலைக் கொத்தளம் - அதுதான் மருவி மூலக்கொத்தளம். கோட்டைச் சுவரில் பீரங்கி வைப்பதற்காக வெளியே துருத்திக்கொண்டு கட்டுவார்களே, அதுதான் கொத்தளம். 1758-59-ல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸை முற்றுகை போட்டார்கள். பிறகு ஹைதர் அலியின் குதிரைப்படை வந்து ஊர் எல்லையில் புழுதி கிளப்பியது. அரண்டுபோன கும்பெனியார், கறுப்பர் நகரத்தைச் சுற்றி - அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி - ஒரு மதில் எழுப்பினார்கள். காண்டிராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. அந்த மதிலின் வடமேற்கு மூலைதான் நம்ம மூலை!

சுவர் கட்டின காசை ஜனங்களிடமே வரியாக வசூலிக்கலாம் என்று ஒரு யோசனை. கடைசிவரை வசூலாகவே இல்லை. பெயர் மட்டும் வால்டாக்ஸ் ரோடு என்று நிலைத்துவிட்டது. (இந்த ஊரில் வசூலாகாத வரிக்குக்கூட ரோடு உண்டு!) சுவரின் மிச்சம் ஒன்று ஓல்டு ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்காவாக இன்னும் நிற்கிறது.

சுவர் போய்விட்டது. அந்தக் காலத்துச் சாமான்கள் போகவில்லை. அவை இந்த ஏரியா வீடுகளின் டிரங்குப் பெட்டியிலும் பரணிலும் பழைய வேட்டி சுற்றிக்கொண்டு தூங்குகின்றன. அப்படி ஒரு பெட்டியைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

மூணு பேருக்கு ரெண்டு சாமான்

சிநேகிதருக்குத் தனியார் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை. நாலு தலைமுறையாக மூலக்கொத்தளம். கொள்ளுத்தாத்தா துரை பங்களாவில் பட்லராக இருந்தவர். போன வருஷம் சிநேகிதரின் அப்பா தவறிப்போனார். வீடு வாடகை வீடு என்பதால் அதில் பாகப்பிரிவினைச் சிக்கல் கிடையாது. சிக்கல் பெட்டிக்குள் இருந்தது.

ஒரு பெரிய தாம்பாளம். பளபளவென்று, ஓரத்தில் கொடி வேலைப்பாட்டோடு. கூடவே ஒரு சின்ன பால் ஜக்கு. கரிக்கட்டை மாதிரி கறுத்துப் போயிருந்தது. மொத்தச் சொத்து இவ்வளவுதான். பங்குதாரர்கள் மூணு பேர். அண்ணன், சிநேகிதர், தங்கச்சி.

"பெரியவனுக்குத் தாம்பாளம் வேணுமாம். எனக்கும் அதான் வேணும். தங்கச்சி, 'ரெண்டையும் எடைக்குப் போட்டு மூணா பிரிங்க'ங்குது. ஆறு மாசமா ஒருத்தருக்கொருத்தர் பேச்சு வார்த்தை இல்ல" என்றார் சிநேகிதர்.

அவருடைய அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "வா நைனா, காபி சாப்புடு" என்று டம்ளரை வைத்துவிட்டு, ஜக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதைப் பத்தி ஏதாவது தெரியுமாம்மா?"

"இன்னா தெரியும்? எங்க மாமியார் சொல்லும். 'இது இருபத்தோரு ரூபா சாமான்டி, பத்திரம்'னு."

சிநேகிதர் சிரித்துவிட்டார். "கேட்டீங்களா சார்? இருபத்தோரு ரூபா சாமான்! அதான் யாருமே அதைச் சீந்தல."

அந்த இருபத்தோரு ரூபாயை அப்படியே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

பரணுக்கு வந்த பாதைகள்

வடசென்னை வீடுகளுக்கு இப்படிப்பட்ட சாமான்கள் எப்படி வந்தன? துரைமார் ஊரைவிட்டுக் கப்பல் ஏறும்போது மேஜைச் சாமான்களை ஏலம் விடுவார்கள், இல்லாவிட்டால் பட்லருக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இது ஒரு பாதை. ராயபுரத்தில் 1856-ல் ரயில்வே ஸ்டேஷன் வந்தது. அதையொட்டி ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் நிறைய வந்தன. பிற்பாடு ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று கிளம்பினபோது பல வீடுகளில் ஸ்பூன் செட்டு வரை விலைக்குப் போனது. அதே ராயபுரத்தில் பார்சிகளின் அக்கினிக் கோயில் இருக்கிறது. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு வெள்ளித் தட்டு, பன்னீர்ச்செம்பு எல்லாம் சேர்ந்த ஒரு செட்டே உண்டு.

இன்னொரு பாதை கண்ணீரில் நனைந்தது. 1964-லிருந்து பர்மாவைவிட்டு நம் ஆட்கள் கப்பல் கப்பலாக மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். நகை நட்டு, பணம் என்று இஷ்டத்துக்குக் கொண்டுவர விடவில்லை. வியாசர்பாடிப் பக்கம் ஒரு பர்மா வெள்ளிக் கிண்ணத்தை இன்றைக்கு நீங்கள் பார்த்தால், அது தப்பி வந்ததே ஒரு கதையாக இருக்கும்.

ஆகவே ஒரு சாமான் கையில் கிடைத்தால், 'எவ்வளவு தேறும்?' என்பது ரெண்டாவது கேள்வி. 'எந்தப் பாதையில் வந்தது?' என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும்.

தாம்பாளம் கவிழ்ந்தது

முதலில் தாம்பாளத்தைக் கவிழ்த்தோம். வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்வார்களே, அந்த லென்ஸ் இருந்தால் போதும்.

இங்கிலாந்தில் செய்த அசல் வெள்ளி என்றால் வரிசையாகச் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். ஒரு காலைத் தூக்கி நடக்கிற சிங்கம் இருந்தால், நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி என்று அர்த்தம். எந்த ஊரில் சோதித்தார்கள் என்பதற்கு ஒரு முத்திரை. சிறுத்தைத் தலை என்றால் லண்டன். நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம். (கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம்!) கிரீடம் என்றால் ஷெஃபீல்டு, அது 1975 வரை. கூடவே ஒரு ஆங்கில எழுத்து, அது வருஷத்துக்கு அடையாளம். செய்தவரின் இனிஷியல் தனி. ராஜா, ராணி தலை இருந்தால் 1784-க்கும் 1890-க்கும் நடுவில் வரி கட்டின சரக்கு. மொத்தத்தில் நம் ரேஷன் கார்டைவிட அதிக விவரம்!

தாம்பாளத்திலும் வரிசையாக நாலு முத்திரை இருந்தது. சிநேகிதர் முகத்தில் பல்பு எரிந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தால்... கேடயம் மாதிரி கட்டங்களுக்குள் நாலு எழுத்து. ஈ.பி.என்.எஸ்.

பல்பு ஃபியூஸ்!

விஷயம் இதுதான். 1840-ல் பர்மிங்ஹாமில் எல்கிங்டன் குடும்பத்தார் மின்சாரம் மூலமாக வெள்ளி முலாம் பூசும் முறைக்கு பேட்டண்ட் வாங்கினார்கள். அதிலிருந்து நடுத்தர வர்க்கத் துரைமார் வீடுகளிலும் 'வெள்ளி' மின்ன ஆரம்பித்தது. உள்ளே இருப்பது செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகம். நம் ஊரில் ஜெர்மன் சில்வர் என்கிறோமே, அதே ஜாதி. பெயரில் சில்வர் இருக்கும். பொருளில் பொட்டு வெள்ளி இருக்காது. மேலே பூசின முலாம் மட்டும்தான் வெள்ளி. அந்த எழுத்துக்களையும் தூரத்திலிருந்து பார்த்தால் அசல் முத்திரை மாதிரியே கட்டம் கட்டி அடித்துவிடுவார்கள். விளிம்பிலும் மூலையிலும் தேய்ந்து மஞ்சள் தட்டினால் அதுவே சாட்சி.

ஆறு மாசம் அண்ணன் தம்பி பேசாமல் இருந்தது நிக்கலுக்காக!

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். வெள்ளியைக் காந்தம் இழுக்காது, உண்மைதான். ஆனால் இந்த ஜெர்மன் சில்வரையும் சாதாரணமாக இழுக்காது. காந்தத்தால் இரும்பைத்தான் பிடிக்க முடியும், ஏமாற்றுக்காரரைப் பிடிக்க முடியாது. வீட்டில் இருக்கும் பெரிய அலங்காரத் தட்டு தஞ்சாவூர் தட்டாகவும் இருக்கலாம். அதில் பித்தளைத் தட்டின்மேல் செம்பும் வெள்ளியும் தகடாகப் பதித்திருப்பார்கள். அது வேலைப்பாட்டுக்கு விலை போகும், எடைக்கு அல்ல.

சாமி ஜக்கு

இப்போது கறுப்பு ஜக்கு. அடியில் சிங்கமும் இல்லை, நங்கூரமும் இல்லை. ஏமாற வேண்டாம். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இந்தியாவில் வெள்ளிக்கு முத்திரைச் சட்டமே கிடையாது. விரும்பின கம்பெனிகள் தங்கள் பெயரை அடித்துக்கொண்டன, அவ்வளவுதான். நமக்கு வெள்ளி ஹால்மார்க் வந்ததே 2005-ல்.

முத்திரை இல்லையென்றால் வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டும். கட்ச் வெள்ளி என்றால் நெருக்கமான பூவும் கொடியும். காஷ்மீர் என்றால் சினார் இலையும் சால்வை டிசைனும். கல்கத்தா என்றால் குடிசை, பனைமரம், மாட்டு வண்டி என்று ஒரு கிராமமே ஓடும். பர்மாக் கிண்ணத்தில் ஜாதகக் கதை மனிதர்கள் கிண்ணத்தைவிட்டு எழுந்து வருகிற மாதிரி புடைத்துக்கொண்டு நிற்பார்கள். அடியில் யானை, மயில் என்று ஏதாவது செதுக்கியிருப்பதும் உண்டு.

மெட்ராஸ் வெள்ளி என்றால் சாமி! கோயில் கோபுரத்து மாடம் மாதிரி கட்டம் கட்டி, கட்டத்துக்கு ஒரு தெய்வம். வெள்ளைக்காரர்கள் இதற்கு வைத்த பெயரே 'சுவாமி' வேலை. இதில் பெரிய பெயர் எடுத்தது, மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு நிற்கிறதே, அந்த பி. ஆர் அண்ட் சன்ஸ். பீட்டர் ஆர் என்ற கடிகாரக்காரர் 1849-ல் தொடங்கியது. இப்போதைய கட்டடம் 1879-ல் வந்தது, டிசைன் ராபர்ட் சிஸம். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் - பிற்பாடு ஏழாம் எட்வர்டு மன்னர் - மெட்ராஸுக்கு வந்தார். அந்த இந்தியப் பயணத்தில் அவருக்குக் கிடைத்த பரிசுகளில் இந்தக் கம்பெனி செய்த சாமி டீ செட்டு ஒன்றும் உண்டு. அது இன்றும் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் கலைத் தொகுப்பில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். கோயில் கவசமும் வாகனத் தகடும் அடித்துப் பழகின கை, துரையின் டீ பாத்திரத்தில் தசாவதாரத்தை அடிக்கிறது. கைப்பிடியில் நாகப்பாம்பு. துரை கச்சேரிக்குக் கிளம்புமுன் நரசிம்மரைச் சாய்த்து ஒரு கப் டீ!

நம் ஜக்கை ஈரத்துணியால் மெல்லத் துடைத்தோம். கறுப்புக்கு நடுவில் குழல் ஊதுகிற கிருஷ்ணன் தெரிந்தான். பக்கத்தில் மயிலோடு முருகன். விரலை உள்ளே விட்டால் ஒவ்வொரு உருவத்துக்கும் உள்பக்கம் மேடும் பள்ளமும் தட்டுப்பட்டது. பாத்திரத்துக்குள் அரக்கை நிரப்பி, வெளியிலிருந்து உளியால் தட்டித் தட்டிச் செய்த நகாசு வேலைக்கு அதுதான் அடையாளம். வார்த்து ஒட்டின பொம்மையாக இருந்தால் உள்ளே வழவழவென்று இருக்கும்.

முன்பக்கத்தில் ஒன்றோடொன்று பின்னின ரெண்டு ஆங்கில எழுத்து. எந்தத் துரையோ, எந்தத் துரைசானியோ! அதுவும் பெரிய விஷயமில்லை. ஜக்கைக் கவிழ்த்தபோது, அடி விளிம்பில் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. பாத்திரக் கடையில் டிக் டிக் டிக்கென்று பேர் வெட்டிக் கொடுப்பார்களே, அதே புள்ளி. தமிழ் எழுத்து!

சிநேகிதர் எழுத்துக் கூட்டிப் படித்தார். அம்மா தலையாட்டினார். "ஆயா பேருதான். உங்கப்பாவைப் பெத்த ஆயா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இதுலதான் முருகனுக்குப் பாலாபிசேகம் பண்ணும்."

டீயில் ஊற்றுவதற்காகப் பிறந்த ஜக்கு. அதன்மேல் இருந்த முருகனுக்கு மூலக்கொத்தளத்துக்கு வந்த பிறகுதான் பால் கிடைத்திருக்கிறது!

இருபத்தோரு ரூபாய்

மூலக்கொத்தளத்திலிருந்து திரும்பி நடந்தால் மிண்ட். அங்கிருந்து தெற்கே தங்கசாலைத் தெரு. சும்மாவா பெயர் வைத்தார்கள்? கும்பெனியின் நாணயசாலை இங்கேதான் இருந்தது. 1869-ல் அது மூடப்பட்டது. அந்த இடத்தில்தான் அரசு அச்சகம். அதைத் தாண்டி நடந்தால் சௌகார்பேட்டை. கச்சோரி வாசனை, ஜிலேபிப் பாகு, நடுவில் நுழைகிற மாடு, ஹாரன் அடிக்கிற ஸ்கூட்டர் எல்லாவற்றையும் சமாளித்தால் வெள்ளிக் கடைகள்.

ஒரு கடையில் ஜக்கை எடை மெஷினில் வைத்தார்கள். 245 கிராம்.

கல்லாவில் இருந்த பெரியவர் கணக்குப் போடாமலே சொன்னார்: "இருபத்தோரு ரூபா எடை."

சிநேகிதர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அந்தக் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்று ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். எடைக்கல்லாகவே அதை வைத்து நிறுப்பார்கள். இருபத்தொன்றால் பெருக்கிப் பாருங்கள், 245 வரும்! ஆயா சொன்னது விலை இல்லை. எடை. பேரன்கள்தான் அதை விலையென்று நினைத்து ஒதுக்கிவிட்டார்கள்.

பக்கத்துத் தெருவில் எக்ஸ்-ரே மாதிரி ஒரு மெஷினில் வைத்துத் தரம் பார்க்கிறார்கள். உரைகல்லில் தேய்க்க வேண்டாம், ஆசிட் ஊற்ற வேண்டாம், பொருளுக்குக் காயமே கிடையாது. நூற்றுக்கு 91-ஐத் தாண்டிக் கொஞ்சம் காட்டியது. 1835-லிருந்து 1940-க்கு முன்புவரை அடித்த வெள்ளி ரூபாயில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, அதாவது 91.7. இங்கிலாந்துச் சரக்கு என்றால் 92.5 இருக்க வேண்டும். துரை வீட்டிலிருந்து யாரோ இருபத்து சொச்சம் ரூபாயை ஆசாரியிடம் எண்ணிக் கொடுத்து, அதையே உருக்கி ஜக்காக அடித்து வாங்கியிருக்கலாம். அந்தக் காலத்தில் அது சகஜம்.

"எடைக்கு எடுத்துக்கறேன். உருக்கறதுதான். பேர் வெட்டியிருக்கு, அப்படியே விக்க முடியாது" என்றார் கடைக்காரர். அவர் நியாயம் அவருக்கு. சமீபத்தில் வெள்ளி விலை ஏறின ஏற்றத்தில், பழைய சாமான்கள் எத்தனையோ இப்படித்தான் மூசைக்குள் போய்க் கட்டியாக வெளியே வருகின்றன. கட்டியில் கிருஷ்ணன் இருக்க மாட்டான். ஆயாவும் இருக்க மாட்டாள்.

ஜக்கை அடித்த ஆசாரியின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. வாங்கின துரைக்கு ரெண்டு இனிஷியல். பாலாபிஷேகம் செய்த ஆயாவுக்குப் புள்ளி எழுத்தில் முழுப் பெயர். உருக்கினால் இருக்கிற பெயர்களும் காலி.

அன்று சாயந்திரம் மூணு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தார்கள். அண்ணன் காகிதத்தில் கணக்குப் போட்டார். ஆளுக்கு 82 கிராம்கூட முழுசாக வரவில்லை. முதல் தடவையாக அம்மா வாயைத் திறந்தார்.

"எடைக்குப் போட்டா மூணு பேருக்கும் காசு வரும். எனக்கு மாமியார் வருமாடா?"

'மாமியாரே வேண்டும்' என்று ஒரு மருமகள் கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வருஷத்துக்கு ஒருத்தர் வீட்டில் ஜக்கு இருக்கட்டும் என்று முடிவானது. முதல் வருஷம் தங்கச்சி வீட்டில். தாம்பாளத்தை என்ன செய்வது? "ஆரத்தி எடுக்க வெச்சுக்கலாம்" என்றார் தங்கச்சி. யாரும் மறுக்கவில்லை!

உங்கள் வீட்டுக்காக நாலு வார்த்தை. பழைய வெள்ளியை பவுடர் போட்டுப் பரபரவென்று தேய்க்காதீர்கள். முத்திரையும் முகமும் தேய்ந்துபோகும். லென்ஸில் தெரிவதை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் என்றால், அமெரிக்க மச்சான் அதைச் சூட்கேஸில் வைத்துக் கொண்டுபோக முடியாது. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் அதைத் தடுக்கிறது.

கடைசியாக ஒன்று. மெஷின் எடை சொல்லும், தரம் சொல்லும். 'இருபத்தோரு ரூபா சாமான்' என்று சொன்னது ஒரு கிழவி. அதை ஞாபகம் வைத்திருந்தது இன்னொரு கிழவி. உங்கள் வீட்டுச் சாமானில் புள்ளி எழுத்தில் ஏதாவது பெயர் இருந்தால், அது யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதில் தெரிந்தவர் இன்னும் அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருக்கலாம்.